பதினேழாம் நம்பர் காலியாக இல்லை

நான்தான் என்று சொல்லியாகிவிட்டது. நேற்றே சொல்லியாகிவிட்டது, ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. நம்ப மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறவரிடம் நாலாவது தடவை எப்படிச் சொல்வது என்றுதான் வார்டன் ரூம் வாசலில் இந்த இரும்பு நாற்காலியில் காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். மூன்று நாற்காலியை ஒரே கம்பியில் சேர்த்து மாட்டினது, பஸ் ஸ்டாண்டில் கிடக்குமே அது. நான் அசைந்தால் கடைசி நாற்காலியில் இருக்கிறவளும் அசைகிறாள். அவள் முத்துப்பேச்சி. பதினேழாம் நம்பர். மடியில் துணிப்பை. சாயல்குடிப் பக்கத்திலிருந்து அவள் அப்பா விடிவதற்கு முன்னால் கிளம்பி, மதுரையில் பஸ் மாறி, இந்நேரம் தாராபுரம் தாண்டியிருப்பார். பதினொரு மணி வாக்கில் திருப்பூர் வந்துவிடுவார். வந்தால் அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். வார்டன் சரோஜினி மேடம் போன் பண்ணி வரச் சொன்னதே அதற்குத்தான். இது கம்பெனி ஹாஸ்டல், இங்கிருந்து அனுப்பினால் பனியன் கம்பெனி வேலையும் போச்சு. அவள் செய்தது ஒன்றும் இல்லை. செய்தது நான். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது. மணி பத்தேகால். ஞாயிற்றுக்கிழமை என்பதால் மேலே துணி அடித்துத் துவைக்கிற சத்தம், யாரோ ஒருத்தி பாதிப் பாட்டை மட்டும் திரும்பத் திரும்பப் பாடுகிற சத்தம், பக்கத்து நிட்டிங் கம்பெனியில் ஞாயிறும் லீவு இல்லாத மெஷினின் கடகடா. தலைக்குள் அது போய் உட்கார்ந்துகொண்டு நான்தான் நான்தான் என்கிற மாதிரியே ஓடுகிறது. எரிச்சலாக இருக்கிறது. பசியும். உப்புமாவை வேண்டாம் என்று வைத்துவிட்டு வந்தது முட்டாள்தனம், வீம்பு பிடித்தால் அந்த வைஃபை பெட்டி சரியாகிவிடுமா என்ன.

நாலாவது தடவை இப்படிச் சொல்லலாம். மேடம், முதலில் பக்கெட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். இங்கே வந்ததும் எல்லாருக்கும் ஒரு நம்பர் கொடுக்கிறீர்கள், எனக்கு நாற்பத்து நாலு. பக்கெட்டில் சிவப்புப் பெயின்டில் நாற்பத்து நாலு, தட்டில் நாற்பத்து நாலு, டம்ளர் அடியில் நெயில் பாலிஷில் நாற்பத்து நாலு, கட்டில் காலில் நாற்பத்து நாலு. காலையில் ஆள் எண்ணும்போதுகூட ஜெசிந்தா என்று நீங்கள் கூப்பிட்டது கிடையாது. சரி. போன வருஷம் வைஃபை பெட்டி வந்தது. கட்டிடத்துக்குள் மெசேஜ் வருகிற அளவுக்குத்தான் டவர் எடுக்கும், நெட் வராது, அதனால் எல்லாரும் அந்தப் பெட்டி வழியாகத்தான் போகணும். முதல் தடவை நம்பரும் போன் நம்பரும் கேட்கும், மெசேஜில் வருகிற ரகசிய எண்ணைப் போட்டால் உள்ளே விடும். அதற்கப்புறம் கேட்பதே இல்லை, தானாகவே வணக்கம் ஜெசிந்தா என்கிறது. எப்படித் தெரியும் அதற்கு? முதல் தடவையே ஒரு சின்னச் சீட்டு எழுதி நம் போனிலேயே வைத்துவிடுகிறது. குக்கி என்று பேர். தின்கிற குக்கி இல்லை மேடம், (இந்த இடத்தில் நேற்று அவர் சிரித்தார், அதனால் இதைச் சொல்லக்கூடாது). அடுத்த தடவை போகும்போது போன் அந்தச் சீட்டை நீட்டும், பெட்டி பார்க்கும், ஆமாம் இவள்தான் என்று விட்டுவிடும். ஒழுங்கான இடங்களில் அந்தச் சீட்டில் யாராலும் ஊகிக்க முடியாத நீளமான கிறுக்கல் இருக்கும், அல்லது பெட்டி மட்டும் போடக்கூடிய ஒரு முத்திரை இருக்கும். நம் பெட்டி எழுதின சீட்டில் என்ன இருந்தது தெரியுமா? 44. அவ்வளவுதான். வெறும் நாற்பத்து நாலு. பக்கெட்டில் இருக்கிறதே, அதே. அது என் போனில் கிடக்கிறது, பென்சிலில் எழுதின மாதிரி. அழித்துவிட்டு வேறு நம்பர் எழுதினால் பெட்டி அந்த ஆளுக்கு வணக்கம் சொல்கிறது. அடுத்தவள் பாஸ்வேர்டைத் திருட வேண்டாம், குழாயடியில் அவள் பக்கெட்டைப் பார்த்தால் போதும். இதைவிட எளிதாக எப்படிச் சொல்வது. நேற்று இவ்வளவும் சொன்னேன். கேட்டுவிட்டு, மூச்சு வாங்கிக்கிட்டுப் பேசு கண்ணு என்றார்.

கண்டுபிடித்தது சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. நைட் ஷிப்ட் வாரம், பகலில் தூக்கம் வராது, போனை நோண்டினேன். சீட்டைத் திறந்து பார்க்க விடுகிற பிரவுசர் ஒன்று கிடைத்தது, பார்த்தேன், நம்ப முடியாமல் நாற்பத்தைந்து போட்டேன், வணக்கம் தில்லைநாயகி என்றது. உடனே திரும்ப நாற்பத்து நாலு போட்டுவிட்டேன், பக்கத்துக் கட்டிலில் தில்லைநாயகி வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள், அவள் பையில் கைவிட்ட மாதிரி இருந்தது. அன்றைக்கே பெட்டி மாட்டின தினகர் அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். பாக்ஸ் மேலேயே அவர் நம்பர் ஒட்டியிருக்கிறது. பெரிய மெசேஜ், நடுவில் படம் வேறு எடுத்துப் போட்டேன். கட்டைவிரல் ஒன்று வந்தது. மறுநாள், போனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சிஸ்டர் என்று வந்தது. அதற்கு அப்புறம் எழுதவில்லை. எழுதியிருக்கணும். தினமும் எழுதி உயிரை எடுத்திருக்கணும். அதற்குப் பதிலாக என்ன செய்தேன், ஓட்டை இருக்கிறது, யாரும் அடைக்கப் போவதில்லை, அப்போது நாமே போய்விட்டு வரலாம் என்று நினைத்தேன். நல்ல காரியத்துக்குத்தானே என்று. இப்படித்தான் எல்லாரும் நினைப்பார்கள் போல.

நல்ல காரியம் என்ன என்றால் பின் படிக்கட்டு. இரண்டாவது மாடியிலிருந்து இறங்க இரண்டு வழி. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பின்னால் இரும்பு கேட், அதில் ஒரு பூட்டு, பூட்டுக்கு அந்தப் பக்கம் கம்பெனி அட்டைப்பெட்டி கூரை வரைக்கும். ஐம்பத்திரண்டு பேர் தூங்குகிறோம். அடுப்படி முன் படிக்கட்டுக்குக் கீழே. ஒரு நாள் சிலிண்டர் டியூப் வழியாகக் குப்பென்று ஒரு நெருப்பு வந்து, சமையல்கார அக்கா சாக்கைப் போட்டு அமுக்கினார்கள், அன்றைக்கு நாங்கள் எல்லாரும் அந்தப் பூட்டுக்கிட்டே போய் நின்றோம், திரும்பி வந்துவிட்டோம். மேடத்திடம் சொன்னால், பூட்டை எடுத்தா பசங்க ஏறி வந்துடுவாங்க என்றார். கம்பெனியில் கேண்டீன் சுவரில் ஒரு நோட்டீஸ் இருக்கிறது, நம் சட்டையை வாங்குகிற வெளிநாட்டுக்காரன் ஒட்டினது, புகார் இருந்தால் இந்த இணையப் பக்கத்தில் பெயர் சொல்லாமல் எழுதலாம் என்று. பெயர் சொல்லாமல் எழுதலாம், ஆனால் சனிக்கிழமை சனிக்கிழமை மேடம் பெட்டியிலிருந்து லிஸ்ட் எடுப்பார், எந்த நம்பர் எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் போச்சு என்று. உள்ளே என்ன எழுதினோம் என்று தெரியாது, எங்கே போனோம் என்று தெரியும். அது போதாதா. அதனால் யாரும் இல்லாத ஒரு நம்பர் வேண்டும். மொட்டைமாடியில் பதினேழாம் நம்பர் பக்கெட் கவிழ்ந்து கிடந்தது. பதினேழில் இருந்த ஹேமலதா அக்கா கல்யாணமாகிப் போய் இருபது நாள். காலி நம்பர். செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூணு நாற்பதுக்குப் பதினேழு ஆனேன், பூட்டைப் பற்றி எழுதினேன், மறுபடி நாற்பத்து நாலு ஆனேன். வணக்கம் முத்துப்பேச்சி என்று வந்திருக்கும். வந்திருக்கணும். நான் அதைப் பார்க்கவில்லை, பயத்தில் அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டுவிட்டேன். அதுதான். ஒரு வரி. ஒரு வரி படித்திருந்தால்.

ஒருத்தி போனால் அவள் நம்பரை அடுத்து வருகிறவளுக்குக் கொடுக்கிற ஹாஸ்டல் இது. பெயின்டை வீணாக்க மாட்டார்கள். எனக்கு முன்னால் நாற்பத்து நாலில் யாரோ இருந்தாள், என் தட்டின் ஓரத்தில் அவள் எதையோ இடித்த நசுங்கல் இன்னும் இருக்கிறது, இது தெரிந்தும் எனக்கு உறைக்கவில்லை. திங்கட்கிழமை வந்து சேர்ந்திருக்கிறாள் இவள். முதல் மாடி, கம்பெனி கார்டு வரவில்லை என்று மூன்று நாள் வேலைக்கு அனுப்பாமல் ரூமிலேயே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். கவிழ்ந்து கிடக்கிற பக்கெட் தன்னுடையது என்று இவளுக்கும் தெரியாது, குழாயடியில் மக்கால் மொண்டு குளித்திருக்கிறாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் எங்கே இருந்தே என்று மேடம் கேட்டால், ரூம்ல தூங்குனேன் என்கிறாள். போன் யாருகிட்ட இருந்துச்சு? எங்கிட்டத்தான். முடிந்தது. வெளிநாட்டுக்காரன் கம்பெனியைக் கேட்டிருக்கிறான், கம்பெனிக்காரர் மேடத்தைக் கேட்டிருக்கிறார், மேடம் லிஸ்டைக் கேட்டிருக்கிறார், லிஸ்ட் பதினேழு என்று சொல்லிவிட்டது. இதில் எனக்குத் தாங்கவே முடியாதது என்னவென்றால், இத்தனை பேர் இத்தனை பேரைக் கேட்டதில் பூட்டைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. யார் எழுதினது, யார் எழுதினது. பூட்டு அங்கேயே தொங்குகிறது. இப்போது போய்ப் பார்த்தாலும் தொங்கும்.

நேற்று லிஸ்டைப் பார்த்துவிட்டு இவளை வரச் சொன்னார்கள் என்று கேள்விப்பட்டதும் ஈரக்கையோடு ஓடினேன். மேடம் அது நான். என்ன நீயி? எழுதினது நான். மேடம் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். என் மேல் அவருக்கு எப்போதுமே ஒரு பிரியம் உண்டு, ஏன் என்று தெரியாது, மீன் குழம்பில் எனக்கு ஒரு துண்டு கூடுதலாக வரும். இரண்டாவது தடவை சொன்னேன், சீட்டு, பெட்டி, பக்கெட் எல்லாம் சொன்னேன். மூன்றாவது தடவை கத்தினேன். அவர் லிஸ்டை எடுத்து என் முன்னால் வைத்து, பதினேழு என்கிற இடத்தில் விரலை வைத்தார். கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா கண்ணு என்றார். அப்புறம், பதினொன்னாவதுல நின்னவ நீ, இதையெல்லாம் கண்டுபுடிச்சயாக்கும் என்றார். அப்புறம் சொன்னதுதான் இன்னும் காதில் கரகரவென்று இருக்கிறது. புதுசா வந்த புள்ளையக் காப்பாத்தறதுக்கு நீ பழிய எடுத்துக்கற, நல்ல மனசு சாமி உனக்கு, ஆனா பொய் பேசக்கூடாது. பொய் பேசக்கூடாதாம். என்னிடம். நான் பள்ளிக்கூடத்தை விட்டதே கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டால்தான். லேபில் உப்பும் கிடையாது ஆசிடும் கிடையாது, ஆனால் வெண்ணிற வீழ்படிவு தோன்றியது என்று நூறு பேரும் எழுதணும். தோன்றலையே மிஸ் என்றேன். எழுது என்றார்கள். பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுத மாட்டேன் என்றேன், அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்றார்கள், அப்பா திண்டுக்கல்லில் லோடு ஏற்றுகிற வேலையை விட்டுவிட்டு வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார், எழுதிரு பாப்பா என்றார், நான் பையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டேன். பெரிய வீராங்கனை. அந்த நான்தான் செவ்வாய்க்கிழமை இன்னொருத்தியின் நம்பரில் எழுதியிருக்கிறேன். வீழ்படிவு தோன்றியது. 

பத்தரைக்குத் தினகர் அண்ணன் வந்தார். ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு, லேப்டாப் பையோடு, செருப்பை அவிழ்க்கலாமா வேண்டாமா என்று வாசலில் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு அவிழ்த்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார், நான்தான் அந்த வாட்ஸ்அப் என்று அவருக்குத் தெரியாது. கம்பெனிக்காரர் பெட்டியை ஒரு தடவை சரிபார்த்துவிடச் சொல்லியிருக்கிறாராம், அதற்காக வந்திருக்கிறார். கதவு பாதி திறந்திருக்கிறது. டீ வருகிறது. சத்தம் கேட்கிறது, லைட் எல்லாம் பச்சையா இருக்குதுங்க மேடம், டேட்டா பக்காவா பதிவாகியிருக்கு. பச்சை லைட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்கிற விஷயமா இது. எழுந்து உள்ளே போய் எல்லாரும் பார்க்கச் செய்துகாட்டிவிட்டால் முடிந்தது. இரண்டு நிமிஷம். அதைத்தான் காலையிலிருந்து செய்யாமல் உட்கார்ந்திருக்கிறேன். ஏன் என்றால் செய்துகாட்டினால் செய்யத் தெரிந்தவள் ஆகிவிடுவேன். பூட்டு சரியில்லை என்று நிரூபிக்கிறவன் பூட்டைத் திறந்துதான் காட்டணும், திறந்துகாட்டினவனைத்தான் பிடிப்பார்கள். இனிமேல் இந்த ஹாஸ்டலில் எந்தப் போனில் எது நடந்தாலும் ஜெசிந்தாதான். சைபர் கிரைம் என்று ஒன்று இருக்கிறது, தில்லைநாயகியின் மாமா பையனை யாருடைய போட்டோவையோ அனுப்பினான் என்று கூட்டிப்போய் ஒரு நாள் முழுக்க உட்காரவைத்தார்கள். என்னை உட்காரவைத்தால் அப்பா மறுபடியும் கையைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பார். அது வேண்டாம். அதுக்கு இவள் போகட்டுமா? இல்லை. அப்போது எழுந்திரு. எழுந்திருக்கிறேன். இதோ. பத்து நாற்பது. நாற்காலி அசைகிறது, அசைத்தது நான் இல்லை.

முத்துப்பேச்சி பையைத் திறந்து எதையோ தேடிவிட்டு மூடுகிறாள். அவள் காலைப் பார்க்காமல் இருக்கத்தான் இவ்வளவு நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குதிகால் முழுக்க வெடிப்பு, சாதாரண பித்தவெடிப்பு இல்லை, ஓரம் வெள்ளையாக, ஆழமாக, உள்ளே சிவப்பு தெரிகிறது. உப்பளம். வந்த அன்றைக்கே முதல் மாடிப் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள், எட்டாவது முடித்ததிலிருந்து உப்பு வாரினேன் என்றாளாம், வெயில் உப்பில் பட்டுக் கண்ணுக்குள் வந்து குத்தும், சாயந்திரம் வீட்டுச் சுவரைப் பார்த்தாலும் வெள்ளையாகத்தான் தெரியும் என்றாளாம். இங்கே நிழலில் உட்கார்ந்து பனியனில் பிசிறு வெட்டுகிற வேலை. ஃபேன் உண்டு. வியாழக்கிழமைதான் கார்டு வந்தது, இரண்டு நாள் வேலைக்குப் போயிருக்கிறாள், வந்து, குளுகுளுன்னு இருக்குடி என்று சொன்னாளாம். அந்தக் குளுகுளுவிலிருந்து திரும்ப அங்கே. என்னால். அவளாகவே என் பக்கம் திரும்பினாள். நான் அவளைவிட ஒரு வயது சின்னவள், ஆனாலும் இங்கே மூத்தவள் என்று அக்கா போட்டாள்.

"யக்கா, நானே தூக்கத்துல தெரியாம எதையாச்சும் அமுக்கியிருப்பேனோ?"

இது நான் எதிர்பார்க்காத அடி. அழுவாள், திட்டுவாள், சத்தியம் பண்ணுவாள் என்றெல்லாம் நினைத்தேன். இவள் லிஸ்டை நம்ப ஆரம்பித்துவிட்டாள். தாளில் அடித்திருக்கிறதே, கம்ப்யூட்டர் சொல்கிறதே, அப்போது தன் விரல்தான் என்னவோ செய்திருக்கணும் என்று நேற்றிலிருந்து தன் விரலையே சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். போன் வாங்கி ரெண்டு மாசந்தேன் ஆச்சு, எனக்கு அதுல ஒண்ணுந் தெரியாது என்கிறாள். அமுக்கலை என்றேன். நீ எதையும் அமுக்கலை, நான் அமுக்கினேன், உன் நம்பரில். சீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, சொல்லத் தோன்றவில்லை. மேடத்துக்கு அரைமணி நேரம் விளக்கினது இவளுக்கு ஒரு வரியில் புரிந்தது. முகத்தில் தெரிந்தது. மூன்று தடவை கத்தியும் ஒருத்தரும் நம்பாததை இவள் நம்பிவிட்டாள், நம்பாமல் இருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அந்த ஒரு நொடி நினைத்தேன்.

"ஏன் எம் பேருல?"

"காலின்னு நெனச்சேன்."

"நாந்தேன் அதுல இருந்தேனே."

அவ்வளவுதான் சொன்னாள். பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து, தூணுக்கு அந்தப் பக்கம் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டாள், முதுகைக் காட்டிக்கொண்டு. நாற்காலி லேசாகி என் பக்கம் சாய்ந்தது. திட்டியிருக்கலாம். ஒரு அறை விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், அடி வாங்கியாச்சு கணக்கு சரி என்று எனக்கே ஒரு சமாதானம் சொல்லியிருப்பேன். எதுவும் இல்லாமல் தரையில் போய் உட்கார்ந்தால் நான் என்ன செய்வது. எழுந்துவிட்டேன். யோசிக்கவில்லை. யோசித்தால் மறுபடி உட்கார்ந்திருப்பேன். உள்ளே தினகர் அண்ணன் லேப்டாப்பை மூடப்போகிறார், சிஸ்டத்துல ஒரு ஃபால்ட்டும் இல்லீங்க மேடம், நான் எழுதியே தந்துடறேன் என்கிறார், மேடம் தலையாட்டுகிறார். மேஜையில் லிஸ்ட், அதன்மேல் டீ டம்ளர், டம்ளர் வைத்த வட்டம். மேடம், ஒரு நிமிஷம் லேப்டாப்பில் நீங்கள் லிஸ்ட் பார்க்கிற பக்கத்தைத் திறந்து வையுங்கள் என்றேன். என்ன கண்ணு மறுபடியும் என்றார். அண்ணே, மூடாதீங்க என்றேன். குரல் எனக்கே பிடிக்காத மாதிரி வந்தது. மேடத்தின் நம்பர் ஒன்று. அவர் டிபன் பாக்ஸில் ஒன்று என்று போட்டிருக்கும், எல்லாருக்கும் தெரியும். அவர் பார்க்கிற பக்கத்தில்தான் லிஸ்ட் இருக்கும், யாரை நிறுத்துவது, யாரை விடுவது எல்லாம் இருக்கும். இதுவரைக்கும் ஒன்று போட்டுப் பார்த்ததில்லை, அது மட்டும் வேண்டாம் என்று வைத்திருந்தேன். நாற்பத்து நாலை அழித்தேன். கை வியர்வையில் திரை விரலைக் கேட்கவில்லை, தாவணியில் துடைத்தேன், ஒன்று போட்டேன். போனை அவர் முன்னால் வைத்தேன். வணக்கம் சரோஜினி. கீழே ஐம்பத்திரண்டு பேர் பெயரும், எதிரே பச்சைப் புள்ளியும். லேப்டாப்பிலும் அதே. தினகர் அண்ணன் என் போனைப் பார்த்தார், லேப்டாப்பைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார். இப்படியெல்லாம் யாருங்க பண்ணுவாங்க என்றார். நான் பண்ணுகிறேனே அண்ணே என்றேன். அவர் காது சிவந்துவிட்டது. எல்லார்த்துக்கும் பக்கெட் நம்பரையே போட்டுடு தம்பி, புள்ளைங்களுக்கு மறக்காதுன்னு மேடந்தானுங்க சொன்னாங்க, என்று முனகினார். எங்க சாஃப்ட்வேர் டீம்ல சொல்லணும், அப்டேட் வரணும், இரண்டு வாரம் ஆகும், மூன்றாகவும் ஆகும். வாட்ஸ்அப்பில் படத்தோடு அனுப்பினேனே என்றேன். அவர் செருப்பு இருக்கிற பக்கம் பார்த்தார்.

மேடம் கத்துவார் என்று நின்றேன், போனைப் பிடுங்குவார் என்று நின்றேன், போலீஸ், அப்பா, எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் என் போனில் இருக்கிற தன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மேஜை டிராயரை இழுத்து, அடியிலிருந்து மடித்த தாள்கள் மூன்றை எடுத்தார். பழைய லிஸ்ட். ஒவ்வொன்றிலும் ஒரு நம்பரைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். தை மாதம் போன வனஜா. சித்திரையில் போன இரண்டு பேர், அவர்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது, ஒரே நாளில் இரண்டு தகரப்பெட்டி வாசலில் இருந்தது ஞாபகம் இருக்கிறது. பார்க்கக்கூடாத பக்கம் பார்த்தார்கள் என்று மூன்று பேர் வீட்டுக்கும் போன் போனது, வனஜாவின் அண்ணன் வந்து இந்த வாசலிலேயே அவள் கன்னத்தில் அறைந்தான், நாங்கள் படிக்கட்டில் நின்று பார்த்தோம். மேடம் மூன்று தாளையும் என் பக்கம் திருப்பி வைத்தார். நல்ல மனசு என்று சொன்ன குரல் இல்லை இது.

"இவளுக?"

பண்ணவில்லை என்று சொல்லிவிடலாம். அல்லது பண்ணினார்கள் என்று சொல்லிவிடலாம், அவர் முகம் அதைத்தான் கேட்டது, இரண்டில் ஒன்றைச் சொல்லு சாமி என்று கெஞ்சியது. எதைச் சொன்னாலும் அவரால் ராத்திரி தூங்க முடியும். வனஜாவின் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தேன். இருபத்தாறு, மணி, பக்கம். அவ்வளவுதான் இருக்கிறது அதில். இருபத்தாறு என்று எழுதின சீட்டை நீட்டினது யார் கை என்று அதில் இல்லை, எங்கேயும் இல்லை, இனி ஒருநாளும் தெரியப்போவதில்லை. தெரியாது மேடம் என்றேன். தெரியாதுன்னா என்றார். அவங்களாவும் இருக்கலாம், யார் வேணும்னாலும் இருக்கலாம், இதை வச்சுச் சொல்ல முடியாது என்றேன். அவர் மூன்று தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஓரத்தைச் சரி பண்ணினார், மறுபடி சரி பண்ணினார், ஓரம் சரியாகவே இருந்தது. வாட்ச்மேன் தாத்தா கதவில் தலையை நீட்டி, அந்தச் சாயல்குடிப் புள்ளையோட அப்பா வந்துட்டாருங்க என்றார். மேடம் எழுந்திருக்கவில்லை. உன்னைய நாளைக்குப் பேசிக்கறேன் என்றார் என்னைப் பார்க்காமல். அப்புறம், அந்தாளுகிட்ட நீயே போயிச் சொல்லு, என்னால இப்ப ஆகாது என்றார்.

கேட் பக்கம் வெயில் ஏறிவிட்டது. ஒல்லியான ஆள், வெள்ளை வேட்டி மடிப்புக் கலையாமல் இருக்கிறது, இரண்டு பஸ் மாறி வந்தவர் எப்படி இவ்வளவு சுத்தமாக வந்தார் என்று அந்த நேரத்தில் எனக்கு ஓடுகிறது. முத்துப்பேச்சியின் பை அவர் தோளுக்குப் போய்விட்டது. அவள் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறாள். கிளம்புவதற்கு இன்னும் ஒரு அடிதான் பாக்கி. சொன்னேன். நான் பண்ணினது, இவள் நம்பரில், இவளுக்குத் தெரியாது, மேடத்துக்கு இப்போது தெரிந்துவிட்டது, இவளை இருக்கச் சொல்கிறார்கள். கடைசிச் சொல்லை மேடம் சொல்லவில்லை, நானாகச் சேர்த்தேன், சேர்த்த உடனே தெரிந்தது, ஆனால் திரும்ப எடுக்கவில்லை. அவர் கோபப்படவில்லை. உப்பில் வேலை செய்கிற கண், இடுக்கிக்கொண்டே பார்க்கிறது. அப்ப எம் புள்ள ஒண்ணும் பண்ணலை என்றார். இல்லைங்க. அவர் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கட்டிடத்தைப் பார்த்தார், எதை நம்பி இவளை இங்கே விட்டுப் போவது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"இனிமே எம் புள்ள பேருல எதுவும் வராதுல்ல?"

வராதுங்க என்றால் போதும். ஒரு சொல். பையை இறக்கிவிடுவார். வாய்வரைக்கும் வந்தது. இரண்டு வாரம், மூன்றாகவும் ஆகும், அதுவரைக்கும் ஐம்பத்திரண்டு பக்கெட்டும் நம்பரைக் காட்டிக்கொண்டு குழாயடியில் வரிசையாக இருக்கும், பதினேழும்தான். முத்துப்பேச்சி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள், நீ என்ன சொல்லப் போறே என்கிற மாதிரி. வரலாங்க, என்றேன். பெட்டியைச் சரி பண்ணுகிற வரைக்கும் வரலாம். சொன்னதும் எனக்கு என்னையே ஓங்கி ஒன்று விடணும் போல இருந்தது, இவ்வளவு தூரம் வந்து கடைசியில் இப்படிச் சொல்லித் தொலைக்கிறதற்கு. அவர் பை வாரை இன்னும் மேலே ஏற்றிக்கொண்டார். வா போகலாம் என்றார்.

முத்துப்பேச்சி நகரவில்லை. அப்பாவின் தோளிலிருந்து பையை இழுத்தாள், அவர் விடவில்லை, இன்னொரு தடவை இழுத்தாள், வந்தது.

"வரட்டும்ப்பா. வந்தா இவகிட்டக் கேட்டுக்கிர்றேன்."

சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், என்னைச் சுற்றிக்கொண்டு படிக்கட்டு ஏறிப் போய்விட்டாள். அவர் தோளைத் தடவிக்கொண்டு, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, இங்கே பக்கத்தில் கடை இருக்கா தாயி என்று கேட்டார். நானும் சாப்பிடலைங்க என்றேன். கேட்டைத் திறந்துவிட்டு, முன்னால் நடந்தேன்.